தொலைநோக்கிக்குக் கட்டுப்படியாகும் பேட்டரி: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு

மோட்டார் பொருத்திய தொலைநோக்கியை வாங்கியவர்கள் தொடக்கத்தில் அதை வீட்டு மொட்டை மாடியில் வைத்து, ஒரு 12 வோல்ட் அடாப்டரைச் செருகி, நிலவையும் வியாழனையும் சனியின் வளையத்தையும் பார்ப்பார்கள். முத்தியால்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ மாடியிலிருந்து அவ்வளவு பார்க்கலாம். தெருவிளக்குகளையும், கடலூரிலிருந்து தென்மேற்கே நெய்வேலிப் பக்கம் வானில் தெரியும் வெளிச்சத்தையும் விட்டு விலகி, பாகூர்ப் பக்கத்து வயல்வெளிக்கோ மரக்காணம் உப்பளப் பகுதிக்கோ செஞ்சி மலையடிவாரத்துக்கோ தொலைநோக்கியைக் கொண்டுபோக நினைக்கும்போதுதான் மின்சாரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது.

கடையில் போய்க் கேட்டால் பவர் பேங்க் முதல் இன்வெர்ட்டர் வரை எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவார்கள். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது கொள்ளளவு. தொலைநோக்கிக்கு வாங்குபவர் அந்த எண்ணை இரண்டாவதாகப் பார்த்தால் போதும். சுமை ஏறும்போதும் சார்ஜ் குறைந்த பிறகும் அந்தப் பேட்டரி எத்தனை வோல்ட் தருகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். இந்த வரிசையில் யோசித்தால் பெரும்பாலான புதியவர்களுக்கு ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னான ஒரு பேட்டரியும் நல்ல ஒயரும் போதும் என்பது தெரியவரும்.

உங்கள் தொலைநோக்கி என்ன கேட்கிறது

கையால் திருப்பும் டாப்சோனியன் வகை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே இல்லை. அதில் உள்ள சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி ஒரு சிறிய பட்டன் செல்லில் பல மாதம் ஓடும். இன்னும் தொலைநோக்கியே வாங்காதவர்கள் இதையும் ஒரு காரணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

விண்பொருளைத் தானாகத் தேடிப் பிடித்துப் பின்தொடரும் கோ-டூ மவுன்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும், மோட்டார் பொருத்திய பாகம்) என்றால், மின்சாரம் செருகும் துளைக்கு அருகிலோ கையேட்டிலோ அது ஏற்கும் வோல்டேஜ் அச்சிட்டிருக்கும். பெரும்பாலானவை 12 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. ஆனால் அந்த 12-க்குக் கீழும் மேலும் எவ்வளவு தாங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஸ்கை-வாட்சரின் ஈ.க்யூ.6-ஆர் மவுன்ட்டுக்கு 11 முதல் 16 வோல்ட் வரை, 4 ஆம்பியர் என்று குறித்திருப்பார்கள். சிறிய மவுன்ட்கள் பல அந்த அளவு ஆம்பியர் கேட்பதில்லை, அந்த உயர்ந்த வோல்டேஜையும் தாங்குவதில்லை. உங்கள் மவுன்ட்டின் கீழ் எல்லை, மேல் எல்லை, அதிகபட்ச ஆம்பியர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மவுன்ட்டில் செருகும் ஒயர் முனையான பின்னையும் பார்த்துவிட வேண்டும். செலஸ்ட்ரான், ஸ்கை-வாட்சர் மவுன்ட்களில் பரவலாக உள்ளது வெளிவிட்டம் 5.5 மி.மீ., உள்துளை 2.1 மி.மீ. கொண்ட பின், நடுப்பகுதி பாசிட்டிவ். இதே வெளிவிட்டத்தில் 2.5 மி.மீ. துளையுள்ள பின்னும் கடைகளில் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், செருகினாலும் உள்ளே போய்விடும். ஆனால் மவுன்ட் சுழன்று ஒயரை லேசாக இழுத்தவுடன் தொடர்பு விட்டுவிட்டு வரும். சி.சி.டி.வி. கேமரா பின் என்று கேட்டால் பெரும்பாலும் 2.1 துளையுள்ளதையே கொடுப்பார்கள். செருகிப் பார்த்து ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு மின்சாரம் வேண்டும்

கணக்கு எளியது. கருவி இழுக்கும் சராசரி ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கினால் தேவையான ஆம்பியர்-மணி கிடைக்கும். கடைக்காரர்கள் இதையே ஏ.எச். என்கிறார்கள். சிறிய கோ-டூ மவுன்ட் ஒன்று நட்சத்திரத்தைப் பின்தொடரும்போது அரை ஆம்பியரை ஒட்டியும், ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் திரும்பும்போது ஒன்றரை, இரண்டு ஆம்பியர் வரையும் இழுக்கும். திரும்புவது சில நொடிகள்தான் என்பதால் சராசரியை 0.7 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். 4 மணி நேரத்துக்கு 2.8 ஆம்பியர்-மணி ஆகிறது. 12 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 34 வாட்-மணி.

பனித்துளி படியாமல் இருக்க லென்ஸைச் சுற்றிக் கட்டும் ஹீட்டர் பட்டை 10 வாட் என்றால் அது மட்டுமே அதே 4 மணி நேரத்தில் 40 வாட்-மணி எடுத்துவிடும், அதாவது மவுன்ட்டைவிட அதிகம். லேப்டாப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அதற்கென்று ஒரு பேட்டரி அதனுள்ளேயே இருக்கிறது.

கைபேசிப் பவர் பேங்க்கையும் தொலைநோக்கிப் பேட்டரியையும் ஒப்பிடும்போது இந்த வாட்-மணி கைகொடுக்கும். பவர் பேங்க்கில் அச்சிடும் மில்லி ஆம்பியர்-மணி, உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 20,000 என்று எழுதியிருந்தால் 20 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்க வேண்டும்; வருவது 74 வாட்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. எண்ணைப் பார்த்து 20,000-க்கும் 7,000-க்கும் இடையே மூன்று மடங்கு வித்தியாசம் என்று நினைப்பவர்கள் பலர்.

வோல்டேஜ் இறங்கினால் நடப்பது

மவுன்ட் அரை ஆம்பியரில் அமைதியாக நட்சத்திரத்தைத் தொடரும் வரை பலவீனமான பேட்டரியின் குறை வெளியே தெரியாது. வேறொரு பொருளைத் தேர்ந்தெடுத்து மோட்டார்கள் இரண்டும் ஒன்றாகச் சுழலத் தொடங்கும்போதுதான் தெரியும். முதலில் மோட்டார் சத்தம் தடித்து இழுபடும். கைக் கட்டுப்பாட்டுக் கருவியின் சிவப்பு எழுத்துகள் மங்கும். அடுத்த நொடி திரை அணைந்து, மீண்டும் ஒளிர்ந்து, கம்பெனியின் பெயரைக் காட்டிவிட்டு, தேதியும் நேரமும் ஊரும் கேட்கும். அதுவரை செய்த நட்சத்திர அலைன்மென்ட் (சில நட்சத்திரங்களைக் காட்டி மவுன்ட்டுக்கு வானத்தின் திசையைக் கற்றுத்தருவது) அத்தனையும் போய்விட்டது என்று பொருள். புதியவர்கள் இதை மவுன்ட்டின் பழுது என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புவதும், அங்கே நல்ல அடாப்டரில் அது குறையில்லாமல் ஓடுவதும் வழக்கமாக நடப்பவை.

ஆகவே ஒவ்வொரு பேட்டரியையும், பாதி தீர்ந்த நிலையில் 2 ஆம்பியர் இழுத்தாலும் 11.5 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நிற்குமா என்ற ஒரே கேள்வியால் வடிகட்டலாம்.

கடையில் கிடைப்பவற்றுள் எது

சிறிய மவுன்ட்கள் சிலவற்றில் டார்ச் லைட்டுக்குப் போடும் டபுள்-ஏ செல் 8 போட இடம் விட்டிருப்பார்கள். புதிய ஆல்கலைன் செல்கள் சேர்ந்து 12 வோல்ட் தந்தாலும் ஒரு ஆம்பியர் அளவில் இழுக்கும்போது சீக்கிரம் தளர்ந்துவிடும். ரீசார்ஜ் செய்யும் வகை என்றால் ஒன்றுக்கு 1.2 வீதம் தொடக்கமே 9.6 வோல்ட்தான். அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க் எல்லாரிடமும் இருப்பதால் அதையே பயன்படுத்தலாமா என்ற கேள்வி முதலில் வரும். 5 வோல்ட் யு.எஸ்.பி.யில் இயங்கி, கேமராவை நட்சத்திரத்தோடு திருப்பும் சிறிய டிராக்கர்களுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். 12 வோல்ட் மவுன்ட்டுக்கு வோல்டேஜை உயர்த்தும் கேபிள் ஒன்று வேண்டும். சாதாரண 5 வோல்ட்டை 12 ஆக்கும் மலிவான கேபிள்கள் ஓர் ஆம்பியரைக்கூட நிலையாகத் தருவதில்லை. பவர் டெலிவரி வசதியுள்ள டைப்-சி பவர் பேங்க்கில் 5, 9, 15, 20 வோல்ட் ஆகியவையே வரையறுத்த படிகள். 12 வோல்ட் என்பது தயாரிப்பாளர் விரும்பினால் சேர்ப்பது. உங்களுடையதில் அது உண்டா என்பதைப் பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளில் தேடுங்கள். இல்லையென்றால் 12 வோல்ட் கேட்கும் கேபிளுக்கு 9 அல்லது 5 வோல்ட்தான் கிடைக்கும். 15 வோல்ட் கேட்கும் கேபிளை மாற்றி வாங்கி, அதைத் தாங்காத மவுன்ட்டில் செருகினால் சர்க்யூட் போய்விடும்.

மின்தடையின்போது வைஃபை ரூட்டரை ஓட்ட விற்கும் மினி யு.பி.எஸ்., சி.சி.டி.வி. கடைகளில் நீலநிற உறையோடு தொங்கும் லித்தியம் பேட்டரி ஆகிய இரண்டும் விலையால் ஆசை காட்டும். பின்கூட அப்படியே பொருந்தும். அவற்றில் பல, லித்தியம் அயான் செல் மூன்றை வரிசையாக இணைத்தவை: முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், நடுவில் 11.1, முடிவில் 9. ரூட்டருக்கு அந்த இறக்கம் பொருட்டில்லை. மவுன்ட்டுக்கோ பேட்டரியில் பாதி மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே ஆட்டம் முடிந்துவிடும். வோல்டேஜை 12-லேயே நிறுத்தும் சர்க்யூட் உள்ள மினி யு.பி.எஸ். என்றால், 2 ஆம்பியர் வரை தருமென்றால், சிறிய மவுன்ட்டை இரண்டு மணி நேரம் போல ஓட்டலாம். பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியோ 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணோ இல்லாத லித்தியம் பொட்டலத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஏ.எச். எஸ்.எம்.எஃப். பேட்டரிதான், அதாவது பராமரிப்பு தேவைப்படாத மூடிய ஈய-அமிலப் பேட்டரி. லாரன்ஸ் ரோட்டிலும் நேரு வீதிப் பக்கத்திலும் கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கக்கூடிய பொருள் இது. எடை இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். முழுச் சார்ஜில், சுமையில்லாமல் 12.7 வோல்ட்டும் பாதியில் 12.1 வோல்ட்டும் காட்டும். எனவே நமது வடிகட்டியைத் தாண்டிவிடுகிறது. ஈய-அமிலப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 7-இல் 3.5 ஏ.எச்.தான் நமக்கு உரியது என்று வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு போட்ட கணக்கில் தேவைப்பட்டது 2.8. ஹீட்டர் பட்டையும் வேண்டுமென்றால் 12 ஏ.எச். அல்லது 18 ஏ.எச். அளவுக்குப் போகலாம், அவற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடப்பது மகிழ்ச்சியான அனுபவமாக இருக்காது.

வாங்கும்போது மல்டிமீட்டரை உடன் கொண்டுபோங்கள். இந்தப் பேட்டரிகள் அலமாரியில் இருந்தே கெடுபவை. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு போய்விடும். தயாரிப்புத் தேதி ஆறு மாதத்துக்குள் இருக்கட்டும். கடையிலேயே அளந்து 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் வேறு எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னும் இரண்டு மூன்று மடங்கு செலவு செய்ய முடிந்தவர்களுக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி மேலானது. 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட், தீரும் தறுவாய் வரை வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே நிற்கும். கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் செய்யலாம், எடையும் பாதியளவே. மூன்று செல் கொண்ட சாதாரண லித்தியம் அயானையும் இதையும் கடைகளில் பொதுவாக "லித்தியம்" என்றே சொல்வதால், 12.8 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பி.எம்.எஸ். என்னும் பாதுகாப்பு சர்க்யூட் இருக்க வேண்டும். இதற்கு 14.6 வோல்ட்டில் நிற்கும் தனிச் சார்ஜர் தேவை.

காரில் போகிறவர்கள் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து எடுக்கலாம். மவுன்ட் இணைந்திருக்கும்போது இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அந்த நொடியில் வோல்டேஜ் விழுந்து எழும். விடியற்காலையில் மரக்காணத்தில் வண்டி கிளம்பாமல் நிற்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பைக் பேட்டரி இன்ஜினைக் கிளப்பச் செய்தது, நீண்ட நேரம் இறங்கிக்கொண்டே போவதற்கு அன்று. வீட்டு இன்வெர்ட்டர் வழியாக 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை மறுபடி அடாப்டரில் 12 ஆக்குவது இரண்டு இடத்தில் மின்சாரத்தை வீணாக்கும் வேலை. குளிரூட்டிய கேமராவும் மினி கம்ப்யூட்டருமாகப் படம் எடுப்பவர்களுக்கு ஓர் இரவில் 300 வாட்-மணிக்கு மேல் ஆகலாம், 30 ஏ.எச். பாஸ்பேட் பேட்டரியோ எடுத்துச் செல்லக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டியான பவர் ஸ்டேஷனோ அவர்களுக்கு உரியவை. புதியவர் அதை முதலிலேயே வாங்க வேண்டியதில்லை.

ஒயரும் ஃபியூஸும்

நல்ல பேட்டரியை வாங்கி, மெல்லிய ஒயரில் அதைக் கெடுப்பவர்கள் அதிகம். 0.5 சதுர மி.மீ. தாமிர ஒயர் 3 மீட்டர் என்றால், போய்வரும் 6 மீட்டரில் 3 ஆம்பியருக்கு 0.6 வோல்ட் இழப்பு. அதே நீளத்தில் 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.2 வோல்ட். ஆயத்தமாகக் கிடைக்கும் பல பின் கேபிள்கள் அரை சதுர மி.மீ.கூட இருப்பதில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 ஒயரை மீட்டர் கணக்கில் வாங்கி, ஒரு முனையில் பின்னைச் சால்டர் செய்து, மறு முனையில் லக்கை (பேட்டரி முனையில் மாட்டும் உலோகத் துண்டு) அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொன்னால் அரை மணி நேர வேலை. இயன்ற மட்டும் ஒன்றரை மீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டி எலக்ட்ரீஷியன் கடைகளில் கிடைக்கும் ஃபியூஸ் ஹோல்டர் ஒன்றை, 5 ஆம்பியர் ஃபியூஸோடு, பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் போட வேண்டும். சிறிய பேட்டரிதானே என்று இதை விடக்கூடாது. முனைகள் ஒன்றோடொன்று தொட்டால் 7 ஏ.எச். பேட்டரியும் ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். அதே காரணத்தால் முனைகளுக்கு மூடி போட்டு, ஸ்பேனரும் சாவிக்கொத்தும் கிடக்கும் பையில் பேட்டரியை வைக்காமல் தனியே எடுத்துச் செல்லுங்கள்.

பின்னை மவுன்ட்டில் செருகும் முன் மல்டிமீட்டரின் சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வையுங்கள். எண் மைனஸ் குறியில்லாமல் 12-க்கு மேல் காட்டினால் சரி. மைனஸ் காட்டினால் ஒயர் மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் மவுன்ட்டின் சர்க்யூட் போர்டுக்குத்தான் செலவு.

வெளியூர் போகும் முன் மாடியில் ஒரு சோதனை

ஒரு மாலையில் பேட்டரியை முழுச் சார்ஜ் செய்து, மாடியில் மவுன்ட்டை இணைத்து, நிலவு, ஒரு கோள், ஒரு நட்சத்திரம் என்று மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டே இருங்கள். அரை மணிக்கு ஒரு முறை, மோட்டார் சுழலும் நேரத்தில் பேட்டரி முனைகளிலும் பின் முனையிலும் வோல்டேஜை அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை ஒயரில் அல்லது லக்கில். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் பேட்டரியில். வானம் மேகமாக இருந்தாலும் இந்தச் சோதனை நடக்கும். வேண்டுமானால் ஐப்பசி மாலைகளை இதற்கே ஒதுக்கலாம்.

உப்புக்காற்றும் பனியும்

தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலோ சில இரவுகள் வைத்த பேட்டரியின் முனையைத் திருப்பிப் பாருங்கள். லக்கின் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அந்தப் பூப்பு மின்தடையைக் கூட்டி, ஒயரில் செய்த சிக்கனத்தைத் தின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, லக்கைப் பொருத்திய பிறகு முனையின் மேல் லேசாக வாசலின் தடவி வையுங்கள். மணலில் நேராக வைக்காமல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து ஒயருக்கு மட்டும் துளை விட்டால் பனியும் மணலும் உள்ளே போகாது. முழுக்கக் காற்றுப் புகாதபடி ஈய-அமிலப் பேட்டரியை மூடக்கூடாது; டப்பாவுக்குள் வைத்தபடி சார்ஜ் செய்யவும் கூடாது.

மார்கழி, தை மாதங்களில் இரவு பத்து மணிக்கே லென்ஸில் ஈரம் படிந்துவிடும். ஹீட்டர் பட்டை வாங்கும் முன் யோகா பாய் அல்லது ஃபோம் ஷீட்டைக் குழாயின் முகப்பில் சுற்றி, விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னே நீளவிட்டுப் பாருங்கள். பல இரவுகளுக்கு அதுவே போதும். பேட்டரியும் சிறியதாகவே இருக்கலாம்.

சார்ஜும் மழைக்காலமும்

எஸ்.எம்.எஃப். பேட்டரியை வீட்டுக்கு வந்த அன்றே சார்ஜில் போட வேண்டும். காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அதன் கொள்ளளவைக் குறைக்கும். 7 ஏ.எச். பேட்டரிக்கு 0.7 ஆம்பியர் அளவில் தரும் தானாக நிற்கும் சார்ஜர் சரியானது. இரவு முழுவதும் ஆகும். பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த அவசரமில்லை, அதைப் பாதிச் சார்ஜில் வைப்பதே நல்லது. ஒன்றின் சார்ஜரை மற்றதற்கு மாற்றிப் போடாமல் இருக்க இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். சித்திரை வெயிலில் பைக் பெட்டியிலோ மூடிய காரிலோ எந்தப் பேட்டரியையும் விடாதீர்கள்.

ஐப்பசி முதல் கார்த்திகை முடிய நம் பக்கம் வானம் பெரும்பாலும் மூடியே இருக்கும். அந்த மாதங்களில் மாதம் ஒரு முறையாவது சார்ஜ் செய்து வையுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் பார்த்தவர்களுக்கு வீட்டில் ஒரு 12 வோல்ட் பேட்டரி நிறைந்து இருப்பதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. இதே பின்னில் ரூட்டரும் ஓடும், சிறிய எல்.ஈ.டி. விளக்கும் எரியும், மின்சாரம் வந்தவுடன் மறுபடி சார்ஜில் போட்டுவிட வேண்டும்.

முழுச் சார்ஜுக்குப் பிறகும் ஒரு நாள் கழித்து அளந்தால் 12.4 வோல்ட்டைத் தாண்டாத நிலை வந்தால் அந்த எஸ்.எம்.எஃப். பேட்டரியின் காலம் முடிந்தது. அதைக் குப்பையில் போடாமல் புதியது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் எக்ஸ்சேஞ்சில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள்.